இழுப்புக்கு ஏத்த குச்சி

என் நாத்தனார் ஒரு கண்ணாடிக் கடையில லென்ஸ் அரைக்கிறவ. கடை முன்னால நிக்கிற பொண்ணுங்க சிரிச்சுப் பேசி ஃப்ரேம் விப்பாங்க. இவ பின்னால ஜன்னல் இல்லாத ஒரு ரூம்ல உக்காந்து, வட்டமா வர்ற லென்ஸை அந்தந்த ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி அரைச்சு மாட்டிக் கொடுப்பா. பத்தொன்பது வயசுல சேர்ந்தவ, நாற்பத்தொண்ணு வரைக்கும் அதே ரூம்தான். ஸ்டூலை மட்டும் ரெண்டு தடவை மாத்தினாங்களாம், அதுதான் தனக்குக் கிடைச்ச பதவி உயர்வுன்னு சொல்லுவா.

கல்யாணம் ஆகலை. ஏன்னு கேக்காதீங்க, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சு போச்சு. அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான். எங்க கூடத்தான் இருக்கா. மூணாவது மாடியில எங்க வீடு, பால்கனியை ஒட்டின சின்ன ரூம் அவளுது. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. முன்நெத்தி முடி நரைச்ச பிறகும் அவருக்கு அவ பாப்பாதான். நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், கோபம் வந்தா மகாராணின்னு கூப்பிடுவேன். மகாராணின்னு கூப்பிட்ட நாள்தான் அதிகம்.

முப்பத்தி நாலு வயசுல ஒரு சாயங்காலம் அவ உயரத்துக்கு ஒரு துணிப்பையைத் தூக்கிக்கிட்டு வந்தா. ஹாலுக்குத் திரைச்சீலைக் கம்பி வாங்கிட்டு வான்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தேன், வாங்கிட்டாளேன்னு சந்தோஷப்பட்டேன். பிரிச்சுப் பார்த்தா வில்லு. ஊருக்கு வெளியே ஓடு விக்கிற குடோனுக்குப் பின்னால ஒரு காலி மைதானம், அங்கே வில்லு விடுற கிளப்பு. கடையில யாரோ ஒரு வாடிக்கையாளர் கூட்டிக்கிட்டுப் போயிருக்கார். அவர் ரெண்டு மாசத்துல விட்டுட்டார், இவ பிடிச்சுக்கிட்டா.

வில்லுலயும் ரெண்டு ஜாதி உண்டாம். ஒண்ணு சக்கரம், கம்பி, குறி பார்க்கிற கண்ணாடின்னு மெஷின் மாதிரி இருக்கும். இவளுது அது இல்ல. ஒரே மரம், ஒரு நாண், பிடிக்கிற இடத்துல கொஞ்சம் தோல். இவ்வளவு செலவு பண்ணி ஏன்டி பழைய காலத்து சாமானை வாங்கினேன்னு கேட்டேன்.

“கடையில நாள் பூரா கருவி வழியாவே பார்க்கிறேன் அண்ணி. இங்கே ஒண்ணும் இல்லாம பார்க்கணும்”னா.

ஆனா அம்பு மட்டும் கார்பன், மெஷின்ல பண்ணின கறுப்புக் குழாய். அதுக்குக் கிளப்புல ஒரே கிண்டல். மர வில்லுக்கு மர அம்புதான் முறையாம், கார்பன் மாட்டினா பட்டுப் புடவைக்கு ஓட்டப்பந்தய ஷூ போட்ட மாதிரியாம். இவ அசையலை. மரக்குச்சி ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு குணம், ஒண்ணு கோணிக்கும், ஒண்ணு ஈரம் குடிக்கும், அம்பு தப்பிப் போனா குச்சி மேல பழியைப் போட்டுட்டுப் போயிடலாம். கார்பன்னா பன்னிரண்டும் ஒரே அச்சு. தப்பு யார் மேலன்னு உடனே தெரிஞ்சுடும், அதுக்குத்தான்னு சொன்னா. இதை நல்லா ஞாபகம் வெச்சிருக்கேன், ஏன்னா பின்னால அவளே இதை மறந்துட்டா.

இந்தக் குச்சி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், இல்லேன்னா மீதிக் கதை புரியாது. எனக்கு ஏழு வருஷம் காதுல ஓதினதுதான், தப்பா இருந்தா அவளைக் கேளுங்க.

மர வில்லுல அம்பு நடுவுல போகாது. மரத்தை ஒட்டி, பக்கவாட்டுலதான் போகணும். நெரிசல் பஸ்ல நாம இடுப்பை வளைச்சு நுழைஞ்சு இறங்குவோம் பாருங்க, அதே மாதிரி அம்பும் விட்டவுடனே ஒரு வளை வளைஞ்சு, மரத்தைச் சுத்திப் போய், அப்புறம் நேராகணும். குச்சி ரொம்ப விறைப்பா இருந்தா வளையாது. மரத்துல ‘டக்’னு இடிச்சுட்டு இடது பக்கம் ஓடும். ரொம்பத் துவண்டதா இருந்தா அதிகமா வளைஞ்சு வலது பக்கம் போயிடும். அது சோத்துக்கைக்காரங்களுக்கு, இவ சோத்துக்கைதான். ஆக, வில்லோட பலத்துக்கு ஏத்த விறைப்புல குச்சி வாங்கணும். குச்சி மேலயே நம்பர் போட்டிருக்கும். ரெண்டு முனையையும் தாங்கி வெச்சு நடுவுல எடையைத் தொங்கவிட்டா எவ்வளவு தொய்யுதோ அதுதான் அந்த நம்பர். நம்பர் பெருசா இருந்தா குச்சி துவண்டதுன்னு அர்த்தம்.

வில்லோட பலம்னு வில்லு மேலயே எழுதியிருக்கிறது இருக்கே, அதை நம்பக்கூடாது. ரப்பர் பேண்டை இழுக்க இழுக்கத்தானே விசை ஏறும். எழுதியிருக்கிறது முழுசா இழுத்தா வர்ற விசை. நீங்க எவ்வளவு இழுக்கிறீங்களோ அவ்வளவுதான் உங்க வில்லு.

முதல் தடவை அவ குச்சி தேர்ந்தெடுத்ததைப் பார்க்கணுமே. பொண்ணு பார்க்கப் போறவங்க கூட அவ்வளவு பார்க்க மாட்டாங்க. அம்புக்கடைக்காரர் ஒரு மொட்டைத் தலை மனுஷன், பொறுமைசாலி. மூணு விறைப்புல ஒவ்வொரு குச்சி மட்டும் கொடுங்கன்னு வாங்கிட்டு வந்தா. இறகு ஒட்டாம வெறும் குச்சியா விட்டுப் பார்க்கணுமாம். இறகு இருந்தா குச்சியோட குத்தத்தையெல்லாம் அது மூடி மறைச்சுடும், மாமியார் முன்னால மருமக மாதிரி. முதல்ல நீளமாவே விட்டு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே வரணும். வெட்ட வெட்ட விறைப்பு ஏறும். குறைக்கலாம், ஒட்ட முடியாது. பால்கனியில குட்டிக் கட்டரை வெச்சு அவ வெட்டுவா, அந்தக் கறுப்புத் தூள் நான் துவைச்சுக் காயப்போட்ட படுக்கை விரிப்புல வந்து உக்காரும். அன்னைக்கு மகாராணின்னு கூப்பிட்டது எதிர் பிளாக்குக்கே கேட்டிருக்கும். அதுக்கப்புறம் குளியலறையில ஈரத்துணி விரிச்சுட்டுத்தான் வெட்டுவா.

கடைசியில ஒரு விறைப்பு, ஒரு நீளம், ஒரு முனைன்னு பொருந்திச்சு. இறகு இல்லாத குச்சி, இறகு ஒட்டின அம்புங்களோட நடுவுல போய் நின்னுச்சாம். அதுதான் பொருத்தத்துக்கு அடையாளம். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவ முகத்தைப் பார்க்கணும்.

மெடல் கிடல் எல்லாம் ஒண்ணும் வாங்கலை. கிளப்புல நடுவுல எங்கேயோ ஒரு இடம். ஞாயித்துக்கிழமை போவா, வெயில்ல கறுத்து வருவா, ரெண்டு நாளைக்கு வீட்டுல யாரோடவும் சண்டை போட மாட்டா. எனக்கு அது போதும். நானும் சில நாள் கூடப் போய் உக்காந்திருக்கேன். அவ விட்டா சத்தமே வராது. பக்கத்துல இருக்கிறவங்க விட்டா டக்கு டக்குன்னு கேக்கும், இவளுது மட்டும் நாண் மூச்சு விடுற மாதிரி ஒண்ணு, அப்புறம் பலகையில குத்துற சத்தம். ஆறு வருஷம் அப்படி ஓடிச்சு.

போன வருஷம் அந்த ‘டக்’ அவகிட்டேயும் வந்துச்சு.

முதல்ல நாண் பழசாயிடுச்சுன்னா. மாத்தினா. இறகு தேஞ்சுடுச்சுன்னா. ஒட்டினா. அம்பு இடது பக்கமே போச்சு. இடதுன்னா குச்சி விறைப்பு ஜாஸ்தி. நேத்து வரைக்கும் சரியா இருந்த குச்சி எப்படிடி இன்னைக்கு விறைக்கும், அது என்ன பழைய ரொட்டியான்னு கேட்டேன். கார்பன் நாள்பட்டா மாறுமாம், எங்கேயோ படிச்சாளாம். முனையை மட்டும் கனமானதா மாத்தினா. தலை கனமா இருந்தா குச்சி இன்னும் கொஞ்சம் வளையுமாம். சரியாச்சு. கொஞ்ச நாள்தான். மறுபடி டக், மறுபடி இடது.

அப்புறம் புதுக் குச்சி, அடுத்த நம்பர், இன்னும் துவண்டது. மொட்டைக்காரர் போன்ல கேட்டார், நீங்க எவ்வளவு தூரம் இழுக்கிறீங்கன்னு. இவ பழைய அளவையே சொன்னா. அந்த இழுப்புக்கு இந்தக் குச்சி தாங்காது, வலது பக்கம் பிச்சுக்கிட்டுப் போகும்னார். பரவாயில்ல, அதையே அனுப்புங்கன்னா. வந்துச்சு, விட்டா, முதல் வாரம் நடுவுல, ஒரு மாசத்துல இடது பக்கம். திரும்பப் போன் பண்ணி, நீங்க தப்பான குச்சி அனுப்பிட்டீங்கன்னு அந்த மனுஷனைக் காய்ச்சினா. தலையில முடி இருந்தா பிச்சுக்குவேன் மேடம்னாராம் அவர்.

அதையும் சும்மா விடலை. ரெண்டு நாற்காலிக்கு நடுவுல குச்சியை வெச்சு, நடுவுல எடையைக் கட்டி, தொய்வை அளந்து பார்த்தா. எடையை நிறுத்துப் பார்க்க என் சமையலறைத் தராசு. ஒவ்வொண்ணா பன்னிரண்டையும். எல்லாம் நம்பர் பிசகாம அப்படியே இருந்துச்சு. குச்சி பொய் சொல்லலை.

இவ கடையில தினம் நடக்கிற கூத்து ஒண்ணு உண்டு, இவளே வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா. கண்ணு பவர் மாறினவங்க அதை ஒத்துக்கவே மாட்டாங்களாம். லென்ஸை மாத்திப் போட்டுட்டீங்க, தேய்ச்சது சரியில்லன்னு கவுண்டர்ல சண்டை பிடிப்பாங்களாம். அப்படிச் சிரிச்சவதான் இவ.

எனக்குக் குச்சியும் தெரியாது, நம்பரும் தெரியாது. துணி தெரியும். இந்த வீட்டுல யார் எப்படித் துணி பிழியறாங்கன்னு எனக்குத் தெரியும். அவ குளிச்சுட்டுப் போடுற துண்டுல இருந்து தண்ணி சொட்ட ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. மூடி திருகின பாட்டிலை என்கிட்ட நீட்டிட்டு வேற எங்கேயோ பார்ப்பா. இடுப்பு வரைக்கும் இருந்த முடியைத் திடீர்னு கழுத்தோட வெட்டிட்டு வந்து, வெயிலுக்கு நல்லா இருக்குன்னா. எனக்குத் தெரியாதா, பின்னல் போடக் கையைத் தூக்கி வெச்சிருக்க முடியலை. ஒரு நாள் தட்டு கழுவும்போது அவ சோத்துக்கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு, அது மேடாவே இல்ல, பள்ளமா இருந்துச்சு.

அன்னைக்குச் சாப்பாட்டு மேஜையில மறுபடி குச்சிப் பேச்சு. இன்னும் துவண்ட நம்பர் இருக்காம், அதை வரவழைக்கணுமாம். என் வீட்டுக்காரர் வேற, வாங்கிடலாம் பாப்பா, வெளியூர்ல விசாரிக்கலாம்னு தலையாட்டுறார். எனக்குப் பொறுக்கலை.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்”னேன்.

அவர் என்னை முறைச்சார். அவ முறைக்கலை. கையில இருந்த கரண்டியை மெதுவா வெச்சா. இடது கையால.

“கூடம் கோணலா இருக்கணும்னுதான் அண்ணி நானும் வேண்டிக்கிட்டு இருக்கேன்”னா.

அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது, அவளுக்குத் தெரியும்னு. எப்போ இருந்துன்னு நான் கேக்கலை. அவ எழுந்து ரூமுக்குப் போயிட்டா. நான் பேசினது தப்புன்னு அவர் அன்னைக்கு முழுக்க முனகினார். யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும். சொல்லாம இருந்தா சதை வளருமா.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, நான் மத்தியானம் சிங்க்ல பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்தப்போ சமையலறை வாசல்ல வந்து நின்னா. கையில வில்லும் ஒரு நீளக் குச்சியும். அந்தக் குச்சி எய்யறதுக்கு இல்ல, அதுல இன்ச் கோடு போட்டிருக்கும். நாண்ல மாட்டி இழுத்தா, வில்லோட முன்பக்கம் எந்தக் கோட்டுல நிக்குதோ அதுதான் இழுப்பளவு. இழுக்கிறவ தானே பார்த்துக்க முடியாது, பக்கத்துல ஒரு ஆள் நின்னு பார்க்கணும். ஏழு வருஷத்துக்கு முன்னால கிளப்புல ஒரே ஒரு தடவை அளந்தது. அதுக்கப்புறம் அவ யாரையும் பக்கத்துல நிக்க விட்டதில்ல. அந்தப் பழைய அளவைத்தான் கடைக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிக் குச்சி வாங்கினா.

கையைத் துடைச்சுட்டு ஹாலுக்குப் போனேன். பென்சிலைக் கொடுத்தா. இழுத்தா. எனக்குப் பார்க்கவே முடியலை, அந்தத் தோள் அப்படி நடுங்கிச்சு. தாடைக்கு வரவேண்டிய கை நெஞ்சுக்கு எதிரேயே நின்னு போச்சு. நான் கோடு போட்டேன். இறக்கிட்டுக் குச்சியைத் திருப்பிப் பார்த்தா. பழைய அளவுக்கும் என் பென்சில் கோட்டுக்கும் நடுவுல என் நாலு விரல் தாராளமா வைக்கலாம்.

“அப்படின்னா மொட்டைக்காரர் அனுப்பினது எல்லாம் சரியான குச்சிதான்”னா. நான் போய் மீதிப் பாத்திரத்தை விளக்கினேன்.

அப்புறம் ஆஸ்பத்திரி. ஊசி குத்திப் பார்த்தாங்க, மின்சாரம் விட்டுப் பார்த்தாங்க, ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பினாங்க. கடைசியா ஒரு நரம்பு டாக்டர், நல்ல பொண்ணு, என்னை விடச் சின்னவ, உக்கார வெச்சு நிதானமாச் சொன்னா. சதைக்குச் சேதி கொண்டு போற நரம்பு ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு வருது, போனது திரும்பாது, மாத்திரையால வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த முடியாது. கைக்கு அப்புறம் என்னன்னு நான் கேட்டேன். அதையும் சொன்னா. அதை இங்கே எழுதலை.

மூணு பேரும் ஒரே ரூம்லதான் உக்காந்திருந்தோம். ஆனா என் வீட்டுக்காரர் வேற ஏதோ கேட்டுட்டு வந்திருக்கார். அவர் காதுக்கு ஒரு குணம், வேண்டாததை வாசல்லயே திருப்பி அனுப்பிடும். மாத்திரை இருக்குன்னு சொன்னாங்க இல்ல, சின்ன வயசுதானே, தினம் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா கை வந்துடும்னு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தார். அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தார். கல்லுல நார் உரிக்கிற கதை. அவ அவருக்காக டிவி பார்க்கும்போது அதை அமுக்குவா.

கடையில லென்ஸ் ரெண்டு தடவை கை நழுவினதும் முதலாளி அவளை பில் போடுற இடத்துக்கு மாத்தினார். வெளிச்சமான இடம், ஜன்னல் கூட இருக்குன்னா.

அவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்னு சொன்னா. கை முழுசாப் போறதுக்குள்ள, அந்த டக் இல்லாம, சத்தமில்லாம ஒரு தடவை அம்பு போகணும். வேற வில்லு வாங்கலாமேன்னு கேட்டேன், குழந்தைங்க வில்லு மாதிரி லேசா. வேண்டாமாம், இந்த வில்லுதானாம். வில்லை மாத்தினா அது வேற ஆளு விட்டதாயிடுமாம். பிடிச்ச முயலுக்கு மூணே கால், அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி.

இந்தத் தடவை மொட்டைக்காரர்கிட்ட உண்மையான அளவைச் சொன்னா. அவ்வளவு துவண்ட குச்சி கடையில வெச்சிருக்க மாட்டோம், வரவழைக்கணும், ரெண்டு மூணு மாசம் ஆகும்னார். வந்துச்சு. போனோம், விட்டா. டக். இடது. காத்திருந்த நேரத்துல கை இன்னும் இறங்கியிருந்துச்சு. சரியான குச்சிதான், ஆனா அது ஆர்டர் கொடுத்தப்போ இருந்த கைக்குச் சரி.

அந்தக் கட்டு வீட்டுல கிடக்கு. தொட்டிச் செடி சாயாம இருக்க நாலை எடுத்து முட்டுக் கொடுத்தேன், அவதான் எடுத்துக்கச் சொன்னா.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்னைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னா. அவ இழுக்க, நான் கோடு போட. கோடெல்லாம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா நாண் பக்கம் நகர்ந்து வந்துச்சு. ஒரு நாள் அந்தக் கோடுங்களை ஸ்கேல் வெச்சு அளந்துக்கிட்டு இருந்தா. எதுக்குன்னு கேட்டேன். இப்ப இருக்கிற கைக்கு வாங்கினா வர்றப்போ தப்பாயிடுது, அதனால வர்றப்போ எந்தக் கை இருக்குமோ அதுக்கு வாங்கப் போறேன்னா. லென்ஸ் அரைக்கிறப்போ பேசுவாளே, அதே குரல்.

“நீயே உனக்கு நாள் குறிக்கிறியாடி?”

“நாள் இல்ல அண்ணி, இன்ச்சு”ன்னா.

இருக்கிறதுலயே துவண்ட நம்பர், வெட்டவே வெட்டாம முழு நீளத்துல, தலைக்குக் கனமான முனை. அதை விடத் துவண்டதா அந்தக் கம்பெனி குச்சி பண்றதே இல்லையாம். ஆர்டர் போட்டா. காத்துக்கிட்டு இருந்தோம். அந்த மூணு மாசமும் மனசுக்குள்ள நான் ஒரு கணக்கு வெச்சிருந்தேன், அவகிட்ட சொல்லலை. அம்பு இடது பக்கம் போனா, அவ கணக்குப் போட்டதை விடக் கை மோசம். வலது பக்கம் போனா, கணக்குப் போட்டதை விடக் கை தேவலை. நான் எதையும் வேண்டிக்கிற ஆள் இல்ல. வலது பக்கம் போகணும்னு வேண்டிக்கிட்டேன். ஒரு சாண் வலது போனாப் போதும்.

பார்சல் வந்த வாரமே போனோம். வெயில் இல்லாத காலை நேரம். குடோன்ல யாரோ ஓடு இறக்கிக்கிட்டு இருந்தாங்க. வில்லுக்கு நாண் ஏத்துறதே இப்போ என் வீட்டுக்காரர்தான், வில்லை வளைக்கிற கயித்தைத் தரையில மிதிச்சு மூச்சு முட்ட ஏத்தினார். பலகையைக் கிட்டக் கொண்டு வந்து வெச்சோம், ஹால்ல இருந்து சமையலறை இருக்கிற தூரம். அவளுக்கு அம்பை நாண்ல மாட்ட விரல் வரலை, நான் மாட்டினேன். மூணு அம்பு இறகோட. நாலாவது வெறும் குச்சி.

இறகு வெச்ச மூணும் போச்சு. சத்தம் இல்ல. ஆனா இறகு மூடி மறைக்கும்னு அவ சொன்னது எனக்கு மறக்கலை. வெறும் குச்சியை மாட்டினேன். ஒரு தடவை இழுத்து, முடியாம இறக்கினா. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் பார்த்த பார்வையில மூடிக்கிட்டார். மறுபடி இழுத்தா. விட்டா.

நாண் மூச்சு விட்டுச்சு. அவ்வளவுதான் சத்தம்.

மூணு அம்புக்கும் நடுவுல போய் நின்னுச்சு. வலதும் இல்ல, இடதும் இல்ல. ஒரு நூல் பிசகலை.

நான் பலகைகிட்டப் போனேன். முனை மட்டும்தான் உள்ளே போயிருந்துச்சு. ரெண்டு விரலால இழுத்ததுமே வந்துடுச்சு. அவ நாங்க கொண்டு வந்திருந்த மடக்கு நாற்காலியில உக்காந்துட்டா, வில்லை மடியில வெச்சுக்கிட்டு. அழலை. முகத்துல அந்தப் பழைய சந்தோஷம் கொஞ்சம் இருந்துச்சு, அதைத்தான் என்னால பார்க்க முடியலை.

“கணக்கு சரியா இருக்கு அண்ணி”ன்னா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி.

என் வீட்டுக்காரருக்குக் கண்ணெல்லாம் தண்ணி. பார்த்தியா பாப்பா, நேராப் போயிடுச்சு, கை வந்துடுச்சு, பந்து வேலை செய்யுதுன்னார். அவ ஆமாண்ணான்னு தலையாட்டினா. அவருக்கு நிலைகொள்ளலை. அங்கேயே நின்னு மொட்டைக்காரருக்குப் போன் போட்டார். குச்சி பிரமாதம், இதே நம்பர்ல இன்னொரு டஜன் வேணும், ரெண்டு மூணு வருஷத்துக்குக் கவலை இல்லாம கையிருப்பு இருக்கட்டும்னார். நான் வாயைத் திறந்தேன். அவ என்னைப் பார்த்துத் தலையை லேசா அசைச்சா, வேண்டாம்னு.

போனைக் காதுல இருந்து எடுத்துட்டு அவர் அவளைக் கேட்டார், அவங்களே அளவுக்கு வெட்டி அனுப்புறாங்களாம், என்ன நீளம் சொல்லட்டும்னு.

“வெட்ட வேண்டாம்னு சொல்லுண்ணா. அப்படியே அனுப்பட்டும்.”

வெட்டின குச்சியைக் கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. வெட்டாததை எடுத்துக்குவாங்க.